மின்பட்டியலில் ஒரு சிறு வரி
கதிரியக்கக் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பிரான்சில் வாழும் எம்மவர் வீடுகளில், வதிவிட அனுமதி அட்டைக்கு அடுத்தபடியாகப் பக்குவமாகப் பேணப்படும் காகிதம் எதுவென்று கேட்டால், அது மின்சாரப் பட்டியல்தான். பிரெபெக்சருக்குப் போவதென்றாலும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதென்றாலும், வங்கியில் கணக்குத் திறப்பதென்றாலும் முகவரிக்குச் சான்றாக அதனையே கேட்கின்றனர். எனவே அதனை மடிப்புக் குலையாமல் கோப்பில் வைத்திருக்கிறோம். ஆயினும் அதில் நாம் வாசிப்பவை இரண்டே இரண்டு விடயங்கள்: கட்டவேண்டிய தொகை, கட்டவேண்டிய கடைசித் திகதி.

மூன்றாவதாக ஒரு விடயமும் உண்டு. மின்சாரம் விற்போர், தாம் விற்கும் மின்சாரம் எவ்வெவற்றிலிருந்து பிறந்தது, அதனால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறியது, எவ்வளவு கதிரியக்கக் கழிவு உண்டாயிற்று என்பவற்றை வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டுமென 2003 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியக் கட்டளையொன்று விதித்தது. பட்டியலிலோ, அதனோடு வரும் தாளிலோ, அது சுட்டும் வேறோர் இடத்திலோ அந்தச் சிறு வரி இருக்கும். ஒரு அலகு மின்சாரத்துக்கு, அதாவது ஒரு கிலோவாற் மணிக்கு, ஒரு கிராமின் மிகச் சிறிய பின்னமே கழிவென்று அது சொல்லும்.

அந்த வரி பொய்யுரைக்கவில்லை. ஆனால் அது முழுக் கணக்கும் அன்று. கழிவு என்பது அடைத்து வைக்கப்படுவது. வெளியேற்றம் என்பது காற்றிலும் நீரிலும் விடப்படுவது. பட்டியல் முன்னதைச் சொல்கிறது, பின்னதைச் சொல்வதில்லை. பின்னதை அளப்பது எப்படி, அந்த அளவையின் எல்லைக் கோட்டை யார் எங்கே கீறுகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அணுவிலிருந்து பெறும் ஒரு தேசத்தில், பனிக்காலத்தில் மின்வெப்பமூட்டிகளின் அருகே பிள்ளைகளை வளர்க்கும் எமக்கு இது அந்நியமான விடயமன்று.

ஆயுட்சக்கரக் கணக்கு

ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால், மண்டப வாடகையை மாத்திரம் சொல்பவர் எவருமில்லை. பொன்னுருக்கலில் தொடங்கி நாலாம் சடங்கு வரை கூட்டித்தான் சொல்வோம். ஒரு பொருளின் சுற்றாடல் பாதிப்பையும் அவ்வாறே தொடக்கம் முதல் முடிவு வரை கூட்ட வேண்டுமென்பதே ஆயுட்சக்கர மதிப்பீடு என்னும் முறையின் சாரம். 1997 ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் சர்வதேச நியமம் இதற்கொரு ஒழுங்கை வகுத்தது. முதலில் நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தல்; அடுத்து, எந்தப் படியில் எது உள்ளே வந்தது, எது வெளியே சென்றது எனப் பட்டியலிடல்; பின்னர் அவற்றின் பாதிப்பை மதிப்பிடல்; ஈற்றில் பொருள் கூறல்.

இந்த நான்கில் முதலாவதே மிகவும் முக்கியமானது. எல்லை கீறப்பட்டவுடனேயே விடையின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

பாலைவனத்தில் தொடங்கும் கணக்கு

பிரான்சின் அணுமின் கணக்கு அணு உலையின் வாயிலில் தொடங்குவதில்லை. நிலத்தின் அடியிலே தொடங்குகிறது. 1948 ஆம் ஆண்டில் லிமூசன் பிரதேசத்தின் லா குரூசில் என்னுமிடத்தில் யூரேனியத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னான அரை நூற்றாண்டில் இந்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் யூரேனியம் அகழப்பட்டது. கடைசிச் சுரங்கம் 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அகழ்ந்து பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்போன்ற சக்கை ஏறத்தாழ 5 கோடி தொன் இன்றும் இந்நாட்டின் மண்ணிலேயே கிடக்கிறது.

அச்சக்கையை வெறும் மண்ணென்று தள்ளிவிட முடியாது. தாதுவிலிருந்து யூரேனியத்தை எடுத்துவிட்டாலும், அதன் வழித்தோன்றல்களான தோரியம்-230, ரேடியம்-226 முதலியவை சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 வீதம் இவ்வாறு பின்தங்குகிறது. தோரியம்-230 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள். ரேடியம் சிதையும்போது ரேடன் என்னும் வாயு பிறக்கிறது. அது நாலு நாட்களுக்குள் பாதியாகிவிடும் குறுகிய ஆயுள் கொண்டது. எனினும் அதனைப் பெறும் தாய் அழியாதிருக்கும் வரை அதுவும் ஓயாது பிறந்துகொண்டேயிருக்கும். சுவாசத்தோடு நுரையீரலுட் சென்று அங்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது இவ்வாயுவும் அதன் சிதைவுப் பொருட்களுமே.

பிரெஞ்சுச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் இந்நாட்டு உலைகள் முற்றாக வெளிநாட்டுத் தாதுவையே நம்பியுள்ளன. அவ்வாறு தாது வந்த இடங்களுள் நீண்டகாலம் முக்கியமாயிருந்தது மேற்காபிரிக்காவின் நைஜர். அந்நாட்டின் வடக்கே, சகாராப் பாலைவனத்து ஆர்லிற் என்னும் நகரை அண்டி 1971 ஆம் ஆண்டில் ஒரு சுரங்கமும், 1978 ஆம் ஆண்டில் அருகே அக்கூத்தாவில் நிலக்கீழ்ச் சுரங்கமொன்றும் உற்பத்தியைத் தொடங்கின. அகழ்ந்த யூரேனியம் செறிவாக்கப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, பாலைவன வீதிகளூடாகப் பெனின் நாட்டின் கொத்தொனூத் துறைமுகம் சென்று, கப்பலேறிப் பிரான்சை வந்தடைந்தது. அக்கூத்தாச் சுரங்கம் 2021 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. ஏறத்தாழ 2 கோடி தொன் சக்கை அங்கேயே விடப்பட்டுள்ளது. மற்றைய சுரங்கத்தை 2025 யூன் மாதத்தில் நைஜர் அரசு தேசியமயமாக்குவதாக அறிவித்தது. உடைமை கைமாறலாம், சக்கையின் அரைவாழ்வுக் காலம் எந்த அரசின் ஆணைக்கும் கட்டுப்படாது.

பரிசில் ஒரு மின்விளக்கைப் போடும் நாம், அந்த வெளிச்சத்தின் முதற் கூலியை ஆர்லிற்றின் சுரங்கத் தொழிலாளியும், அச்சக்கை மேடுகளின் அருகே வாழும் குடும்பங்களும் செலுத்தியுள்ளனர் என்பதை அறிய மாட்டோம். உலையின் வாயிலில் தொடங்கும் எந்தக் கணக்கும் அவர்களைச் சேர்ப்பதில்லை.

இதே உண்மையை ஜேர்மனியிலும் காணலாம். சக்சனி, தூரிங்கியா மாநிலங்களில் விஸ்முத் நிறுவனம் 1946 முதல் 1990 வரை அகழ்ந்த யூரேனியம் ஏறத்தாழ 231,000 தொன். அவ்விடங்களைச் சீர்செய்வதற்கென ஒன்றுபட்ட ஜேர்மனி தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை 1,300 கோடி மார்க். தாது சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. துப்புரவுச் செலவு ஜேர்மனிய வரியிறுப்பாளரிடம் வந்தது. அகழ்ந்த காலத்தில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அத்தொகை இருக்கவில்லை.

தொழிற்சாலைகளும் கடலும்

துறைமுகத்தில் இறங்கிய யூரேனியம் நேரே உலைக்குள் புகுவதில்லை. நர்போன் நகருக்கருகே மால்வேசியில் அது சுத்திகரிக்கப்பட்டு மாற்றப்படுகிறது. ரோன் ஆற்றோரம் திரிக்காஸ்தனில் செறிவூட்டப்படுகிறது. ரொமான் நகரில் எரிபொருட் கோல்களாகிறது. 1979 முதல் 2012 வரை திரிக்காஸ்தனில் இயங்கிய பழைய செறிவூட்டல் ஆலை, தன் அருகிலிருந்த நான்கு உலைகளில் மூன்றின் மின்சாரம் அளவுக்குத் தானே விழுங்கியது. பின்னர் வந்த மையநீக்கச் சுழலி ஆலைக்கு அதில் ஐம்பதிலொரு பங்கே போதும். ஆலை மாறினால் ஆயுட்சக்கரக் கணக்கும் மாறும் என்பதற்கு இது தக்க சான்று. பழைய தொகைகளை இன்றைய தொகைகளாக எடுத்தாளும் இரு கட்சியினரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

உலையில் எரிந்த பின்னர் எரிபொருள் நோர்மண்டியின் முனையிலுள்ள லா ஹாக் ஆலைக்குச் செல்கிறது. அங்கே அது கரைக்கப்பட்டு, யூரேனியமும் புளூட்டோனியமும் பிரித்தெடுக்கப்படுகின்றன. மிகுந்த கதிரியக்கமுடைய எச்சம் கண்ணாடியோடு உருக்கி உறையவைக்கப்படுகிறது. பிரான்சின் கதிரியக்கக் கழிவுகளின் முழுக் கனவளவில் ஆயிரத்தில் இரண்டு பங்கே இவ்வகை. ஆனால் முழுக் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 95 வீதம் அதிலேயே அடங்கியுள்ளது. இதனைக் கிழக்கே பூர் என்னும் ஊரில், ஏறத்தாழ 500 மீற்றர் ஆழத்தில், களிப்பாறையினுள் புதைப்பதற்கான அனுமதி விண்ணப்பம் 2023 சனவரியில் சமர்ப்பிக்கப்பட்டது.

அடைபட்டது இது. அடைபடாதது எது? எரிபொருளைக் கரைக்கும்போது கிரிப்தன்-85 வாயு காற்றோடு கலக்கிறது. காபன்-14 இன் ஒரு பகுதியும் காற்றில் செல்கிறது. திரித்தியமும் அயடீன்-129 உம் பெரும்பாலும் குழாய்வழியே கடலிற் சேர்கின்றன. குழாய் முடியுமிடத்தில் கடல்நீரோட்டம் மிக வேகமானது. கலந்தது விரைவில் கரைந்து பரவட்டும் என்பதற்காகவே அவ்விடம் தெரிவு செய்யப்பட்டது. பரவுவது மறைவதாகாது. அயடீன்-129 இன் அரைவாழ்வுக் காலம் 1 கோடியே 57 இலட்சம் ஆண்டுகள். ஆங்கிலக் கால்வாயிலிருந்து வடகடல் சென்று, நோர்வேக் கரையோரமாக ஆர்க்டிக் சமுத்திரத்தை அடையும் நீரின் வழித்தடத்தை அறிவதற்குக் கடலாய்வாளர்கள் இந்த அயடீனையே அடையாளமாகப் பயன்படுத்துகின்றனர். நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த எம் உறவுகள் கையிலெடுத்த மீன்கள் நீந்திய கடல் அதுவே. அம்மீன்கள் நஞ்சென்று நாம் சொல்லவில்லை. அங்கு காணப்படும் அளவுகள் மிகமிகச் சிறியவை. ஆனால் கணக்கின் புவியியல் எல்லை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அது காட்டுகிறது.

பெக்கரலும் சீவேட்டும்

வெளியேறிய பொருளை அளக்கும் அலகு பெக்கரல்: ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல். 1896 ஆம் ஆண்டில் பரிசில் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் பெயர் அது. உடலுக்கு நேரும் தீங்கை அளக்கும் அலகு சீவேட். பெக்கரலை வைத்து அச்சமூட்டுவது எளிது. அதன் எண்கள் கோடிக் கணக்கில் வரும். சீவேட்டை வைத்து ஆறுதல் கூறுவதும் எளிது. அதன் எண்கள் பூச்சியத்தை அடுத்து வரும். இரண்டையும் இணைக்கும் பாதையைக் கண்டறிவதே மதிப்பீட்டாளரின் பணி. வெளியேறியது எங்கே செல்கிறது, எந்தப் பயிரில், எந்த மீனில், எந்தப் பாலில் சேர்கிறது, அதனை எத்தனை பேர் உண்கின்றனர் என்று படிப்படியாகக் கணிக்க வேண்டும். எத்தனையோ பேர் பெறும் சிறுசிறு அளவுகளைக் கூட்டி வரும் தொகையை ஆள்-சீவேட் என்பர்.

இப்பாதையை முழுமையாக நடந்து பார்த்த ஆய்வு பிரான்சை மையமாகக் கொண்டே செய்யப்பட்டது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் ‘எக்ஸ்டேர்ன்-ஈ’ திட்டத்தின் அணுசக்தித் தொகுதி 1995 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுரங்கம் முதல் கழிவு வரை பிரெஞ்சு எரிபொருட் சக்கரத்தின் ஒவ்வொரு படியையும் அது கணித்தது. 100 கோடி அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 13 ஆள்-சீவேட் என்பது அதன் விடை. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு அக்காலத்தில் ஏற்றிருந்த கணிப்பின்படி, ஒரு ஆள்-சீவேட்டுக்கு நூறில் ஐந்து பங்கு மரணம். ஆகவே 100 கோடி அலகுக்கு 0.65 மரணம். வீடொன்று ஆண்டுக்கு 4,000 அலகு பாவிக்கிறதென வைத்துக்கொண்டால், இரண்டரை இலட்சம் வீடுகளின் ஓராண்டு மின்சாரம் அது.

இத்தொகையின் மிகப் பெரும் பகுதி காபன்-14 இனாலேயே வருகிறது. அது காபனீரொட்சைட்டாகி, பயிராகி, உணவாகி உலகத்து மாந்தர் அனைவரையும் அடைகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,700 ஆண்டுகள். ஆய்வு கணக்கெடுத்ததோ 100,000 ஆண்டுகளை. ஒவ்வொருவரும் பெறுவது மிகமிகச் சிறிது. கூட்டப்படுவதோ இன்னும் பிறவாத கோடானுகோடிப் பேர்.

வட்டியும் வருங்காலமும்

இங்கேதான் காலத்தின் எல்லை கீறப்படுகிறது. அதே ஆய்வு அப்பாதிப்பைப் பணமாகவும் கணித்தது. வருங்காலத் தீங்கைக் கழிவு எதுவுமின்றி எண்ணினால், ஒரு அலகுக்கு அன்றைய எக்கியூ நாணயத்தின் ஆயிரத்தில் 2.5 பங்கு. ஆண்டுக்கு 3 வீதம் கழித்தால் ஆயிரத்தில் 0.1 பங்கு. 10 வீதம் கழித்தால் 0.05 பங்கு.

சீட்டுப் பிடித்துப் பழகிய எம்மவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இன்று கையில் வரும் நூறு ரூபா வேறு, பத்தாண்டு கழித்து வரும் நூறு ரூபா வேறு. அதே விதியை உயிருக்கும் பொருத்தினால், 3 வீதக் கழிவில் நூறாண்டுக்குப் பின் நேரும் ஒரு மரணம் இன்றைய மரணத்தில் பத்தொன்பதிலொரு பங்காகச் சுருங்கும். ஆயிரமாண்டுக்குப் பின் நேருவது கணக்கிலேயே இராது. வெளியேறிய காபன் மாறவில்லை. அதன் அரைவாழ்வும் மாறவில்லை. வட்டி வீதம் மாறியது. தொகை இருபத்தைந்து மடங்கு வீழ்ந்தது.

இவ்வாய்வை அடியாகக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் ரோல்ப் பிரிஷ்க்னெக்ற் முதலியோர், ஒவ்வொரு பெக்கரலும் மனித ஆயுளில் எவ்வளவைக் குறைக்கிறது என்னும் அட்டவணைகளை வகுத்தனர். அவ்வகை அட்டவணைகளில் 100 ஆண்டுக்கு ஒன்று, 100,000 ஆண்டுக்கு ஒன்று என இரு பார்வைகள் உள்ளன. எதனைத் தெரிவதென்பது பௌதிகவியல் விடையளிக்கும் வினா அன்று. எத்தனை தலைமுறைக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்னும் அறவியல் வினா அது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். மிகச் சிறிய அளவுகளைப் பெருந்தொகை மக்களுக்கும் நெடுங்காலத்துக்கும் பெருக்கி மரணங்களை எண்ணுவது முறையன்று எனச் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழுவே 2007 ஆம் ஆண்டின் பரிந்துரையில் எச்சரித்துள்ளது. இயற்கையிலிருந்தே மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் பெறுகிறோம். அதன் முன் இச்சிறு அளவுகளின் தீங்கு நிச்சயமற்றது. எனவே 0.65 என்பதை எண்ணி வைத்த பிணங்களாகக் கொள்வதும் தவறு. பூச்சியமாகக் கொள்வதும் தவறு.

ஏனைய மின்சாரங்களின் கதிர்க் கணக்கு

கதிரியக்கம் அணுமின் நிலையத்துக்கு மட்டும் உரியதென்பதும் எம்மிடையே நிலவும் தவறான எண்ணம். நிலக்கரியிலும் யூரேனியமும் தோரியமும் உண்டு. அதனை அகழும்போது ரேடன் வெளியேறுகிறது. எரிக்கும்போது எஞ்சியவை சாம்பலிற் செறிகின்றன. அணுக் கதிர்வீச்சின் விளைவுகள் பற்றிய ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் 2016 அறிக்கை, 2010 ஆம் ஆண்டில் உலகெங்கும் நிகழ்ந்த மின் உற்பத்தியை ஒப்பிட்டது. அதனால் பொதுமக்கள் பெறும் கதிர்வீச்சில் பாதிக்கு மேல் நிலக்கரியாலும், ஐந்திலொன்றுக்குக் குறைவாகவே அணுசக்தியாலும் என அது கண்டது. மேலும், ஒரு அலகு மின்சாரத்துக்கெனப் பிரித்துப் பார்த்தால், தொழிலாளர் பெறும் கதிர்வீச்சு சூரிய மின்கலங்களிலும் காற்றாலைகளிலும் அதிகம் எனவும் காட்டியது. அவற்றுக்கு வேண்டிய அரிய உலோகங்களை அகழும் தொழிலாளர் இயற்கைக் கதிரியக்கத்துக்கு ஆளாவதே அதன் காரணம்.

இதனைக் கொண்டு அணுசக்திக்கு நற்சான்று வழங்குவது எமது எண்ணமன்று. இக்கணக்குகள் யாவும் வழமையான வெளியேற்றத்தைப் பற்றியவை. 1986 ஆம் ஆண்டின் செர்னோபிலும், 2011 ஆம் ஆண்டின் புக்குஷிமாவும் இவற்றுள் அடங்கா. வீடிழந்து பெயர்ந்தவர்களின் வாழ்வை அளக்கச் சீவேட் போதாதென்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் கல்பாக்கத்து உலைகளைப் பற்றி எழுதும்போதும், 1967 ஆம் ஆண்டு முதல் யூரேனியம் அகழப்படும் ஜாடுகுடாவின் பழங்குடிக் கிராமங்களை விட்டு எழுதினால் அதுவும் அரைக் கணக்கே.

யார் எண்ணுவது?

1997 ஆம் ஆண்டில் பெசான்சோன் பல்கலைக்கழகத்தின் ஜோன்-பிரான்சுவா வியேல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். லா ஹாக்கை அண்டிய பகுதியில் சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்கும், அவ்வூர்க் கடற்கரைகளில் விளையாடுவதற்கும், அங்குள்ள மீன், சிப்பி முதலியவற்றை உண்பதற்கும் தொடர்பிருக்கலாம் என்றது அது. நாடு கலங்கியது. அரசு ஒரு குழுவை அமைத்தது. அணுசக்தி நிறுவனங்களின் நிபுணர்களும், அவற்றை எதிர்த்து வந்த சுயாதீன ஆய்வுகூடங்களின் நிபுணர்களும் அதில் ஒரே மேசையில் அமர்ந்தனர். பல ஆண்டுகளின் அளவீடுகளைத் திரட்டி 1999 ஆம் ஆண்டில் அவர்கள் அளித்த விடை: 1978 முதல் 1996 வரை அப்பகுதி இளையோரிடையே அணுநிலையங்களின் வெளியேற்றத்தால் நேர்ந்திருக்கக்கூடிய இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ 0.002. அதாவது, அந்நோய்க்கு அவ்வெளியேற்றம் காரணமாவதற்கான வாய்ப்பு மிகச் சொற்பம். சுயாதீன நிபுணர்கள் சிலர் முடிவில் தமது மறுப்புகளையும் பதிந்தனர், அவையும் மறைக்கப்படவில்லை.

விடை எதுவாயினும், அங்கே நிகழ்ந்த ஒன்றை நாம் மதிக்கிறோம். பாதிப்புக்கு அஞ்சும் தரப்பும் எண்ணும் இடத்தில் இருந்தது. ஆர்லிற்றில் அவ்வாறான மேசை போடப்பட்டிருந்தால் கணக்கு எப்படியிருக்கும் என்று எண்ணாதிருக்க எம்மால் முடியவில்லை. எண்ணப்படாதவர்களாக இருப்பது எத்தகையதென்று அறிந்த மக்கள் நாம்.

அடுத்த முறை மின்பட்டியல் வரும்போது, அதனைக் கோப்பில் வைப்பதற்கு முன், இந்நாட்டு மொழியை எம்மைவிட நன்கறிந்த எம் பிள்ளைகளிடம் கொடுத்து அந்தச் சிறு வரியை வாசிக்கச் சொல்வோம். கதிரியக்கம் குறித்து எவர் எந்த எண்ணைச் சொன்னாலும் மூன்று வினாக்களை எழுப்பவும் பழக்குவோம். இது எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரையிலான கணக்கு? எத்தனை ஆண்டுக்கான கணக்கு? யாரைச் சேர்த்த கணக்கு? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத எண், ஆதரிப்பவர் சொன்னாலென்ன, எதிர்ப்பவர் சொன்னாலென்ன, முழுமையான எண்ணாகாது.